விருந்தினருக்கு ஏற்ற நைவேத்தியம்

பெங்களூரில் அல்சூருக்கு அருகில் மர்பி டவுன் என்னும் பகுதி உள்ளது. முன்னாளில் நாக்ஸ்பேட்டை என்று வழங்கப்பட்ட இவ்விடம், தொழிலாளர்களுக்காக இங்கே வீடுகளை அமைத்த மர்பி என்ற பொறியாளரின் பெயரைப் பிற்காலத்தில் பெற்றது. பிழைப்பு நாடி வட தமிழகத்திலிருந்து ‘தண்டு’ப் பகுதிக்கு வந்து குடியேறிய குடும்பங்களின் வழித்தோன்றல்கள் பலர் இன்றும் இங்கே வாழ்கின்றனர். பெரும்பாலும் சிறிய வீடுகள், குறுகிய தெருக்கள். தீபாவளி வந்துவிட்டால் ஒரு வீட்டில் காயும் எண்ணெயின் மணம் பத்து வீடுகளுக்கு எட்டும்.

அத்தகைய ஒரு வீட்டில், ஐம்பது வயதைக் கடந்த அன்பர் ஒருவர் வாழ்கிறார். அவருக்கு நீரிழிவு நோய் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் தீபாவளிக்கு முதல் நாள் அவருடைய அக்கா குடியாத்தத்திலிருந்து ரயிலேறி கண்டோன்மென்ட் நிலையத்தில் வந்து இறங்குவார். கையில் ஒரு தூக்குவாளி; அதில் தாம் பாகு வைத்துச் சுட்ட அதிரசம். தாயார் மறைந்தபின் அந்தப் பாகு பதம் அக்கா ஒருவருக்கே கைவரும் என்பது குடும்பத்தில் அனைவரும் ஒப்புக்கொண்ட செய்தி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தீபாவளியன்று தம்பி அதிரசத்தைக் கையால் விலக்கி, “வேண்டாம், அக்கா” என்றார். அக்காவின் முகம் வாடிற்று. “நல்ல நாளில் ஒன்று தின்றால் என்ன ஆகிவிடும்? சர்க்கரையா போட்டேன்? வெல்லம்தானே, தம்பி! நான் கொண்டுவந்ததை ஒதுக்கினால் என்னையே ஒதுக்கியதுபோல் இருக்கிறது” என்று கண்கலங்கினார். மனைவி பார்த்தார், பிள்ளைகள் பார்த்தனர். தம்பி ஒன்றை எடுத்துத் தின்றார். பின்னர் இன்னொன்று. அன்றோடு அது நிற்கவில்லை. அக்காவுக்கு இணங்கியவர், மைத்துனர் வீட்டுக்கும் அண்டை வீட்டாருக்கும் எப்படி மறுப்பார்? விருந்துகள் கார்த்திகை தீபம் வரை நீண்டன. அதற்குள் செருப்பு கடித்து உண்டான சிறு புண் ஒன்று காலில் பெரிதாகி, அவர் மருத்துவமனையில் படுக்கும்படி ஆயிற்று. “ஓர் அதிரசத்தால் வந்ததன்று இது, பல வாரங்கள் கட்டுப்பாடு தளர்ந்ததால் வந்தது” என்றார் மருத்துவர். விரல் பிழைத்தது. ஆனால் அக்காவும் தம்பியும் அந்த ஆண்டுப் பொங்கலுக்குப் பேசிக்கொள்ளவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடத்தப்பட்டு 2023-ஆம் ஆண்டு வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர் நீரிழிவு உடையவர்கள். மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாயிலில் நிற்பவர்கள். அப்படியானால், பண்டிகை நாளில் விரிக்கப்படும் பந்தி வரிசைகளில் இத்தகைய ஒருவர் இல்லாத வரிசை அரிது. ஊட்டும் கை ஒருபுறம், மறுக்கும் கை மறுபுறம். இரண்டில் எது தர்மத்தின் பக்கம் நிற்கிறது?

இரண்டு சப்பாத்திகள்

இதே வினா ஒரு காலத்தில் தட்சிணேசுவரத்திலும் எழுந்தது. ஸ்ரீராமகிருஷ்ணரிடம் வந்து தங்கிய இளைஞர்கள் இரவில் தியானம் செய்ய வேண்டும் என்பது அவரது விருப்பம். வயிறு நிறைய உண்டால் உறக்கம் வரும், தியானம் கெடும். ஆகவே இரவில் இன்னாருக்கு இத்தனை சப்பாத்தி என்று அவர் அளவு வகுத்திருந்தார். ராக்காலுக்கு ஆறு, லாட்டுவுக்கு ஐந்து, பாபுராமுக்கு நான்கு. நகபத்தின் சிற்றறையில் சமைத்தவர் அன்னை ஸ்ரீசாரதாதேவியார். பசித்த பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து அன்னை எண்ணவில்லை, கேட்டதைக் கொடுத்தார். ஒருநாள் பாபுராமை விசாரித்தபோது குருதேவருக்கு இது தெரியவந்தது. அவர் அன்னையிடம் சென்று, இப்படி அன்பு காட்டினால் பிள்ளைகளின் எதிர்காலம் என்னவாகும் என்று குறைப்பட்டார். அன்னையோ, இரண்டு சப்பாத்தி கூடுதலாக உண்டதற்காகக் கவலைப்பட வேண்டாம் என்றும், அவர்களுடைய எதிர்காலத்தைத் தாமே பார்த்துக்கொள்வதாகவும் பணிவும் உறுதியுமாகக் கூறிவிட்டார். குருதேவர் அதற்குமேல் வாதிடவில்லை.

இந்நிகழ்ச்சியைக் கேட்கும் இல்லறத்தார் பலர், ‘அன்னையே அளவு பார்க்கவில்லை, நாம் ஏன் பார்க்க வேண்டும்?’ என்று எண்ணக்கூடும். ஆனால் அன்னையின் பதிலில் இரண்டு பகுதிகள் உள்ளன. முதற்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் பொருள் திரிந்துவிடும். கூடுதலாகக் கொடுத்தவர், உண்டவரின் எதிர்காலத்தையும் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்டார். ‘இன்னும் இரண்டு’ என்று பிறர் இலையில் வைக்கும் கை, அந்த இலைக்கு உரியவரின் நாளையப் பொழுதையும் தாங்க அணியமாக இருக்க வேண்டும். தாங்க இயலாத கை, வைப்பதற்கு முன் ஒரு கணம் நிற்பதே நேர்மை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 1885-இல் குருதேவருக்குத் தொண்டையில் புற்றுநோய் கண்டது. சியாம்புகூரிலும் பின்னர் காசிப்பூரிலும் அவருக்குப் பத்திய உணவு சமைத்தவர் இதே அன்னைதான். விழுங்க இயலாத அந்தத் தொண்டைக்கு ஏற்றவாறு நீராளமான உணவையே அன்னை பக்குவம் செய்தார். பசித்த இளைஞனுக்குக் கூடுதலான சப்பாத்தி. நோயுற்ற உடலுக்குக் கஞ்சி. பரிமாறிய பொருள் மாறிற்று, பரிமாறிய அன்பு மாறவில்லை. உண்பவருடைய உடல் எதைத் தாங்கும் என்று பார்ப்பதும் அன்பின் ஒரு கண்ணே.

தெய்வத்திற்கு ஏற்ற மலர்

விருந்தினரைத் தெய்வமாகக் கருதுமாறு தைத்திரீய உபநிஷதம் பணிக்கிறது. அன்னத்தை இகழலாகாது, புறக்கணிக்கலாகாது என்பதையும் அதே உபநிஷதம் விரதமாக விதிக்கிறது. பிறருக்கு உணவிடுவது இந்த நாட்டில் வெறும் உபசாரமாக இருந்ததில்லை, வழிபாடாகவே இருந்துவந்துள்ளது. அக்காவின் தூக்குவாளிக்குப் பின்னால் இந்த நெடிய மரபு நிற்கிறது. அதைப் பரிகாசம் செய்ய எவருக்கும் உரிமையில்லை.

ஆனால் வழிபாட்டிற்கு ஒரு முறை உண்டு. விநாயகருக்கு அன்றாட பூஜையில் துளசி சாத்துவதில்லை. சிவபெருமானுக்குத் தாழம்பூ சாத்துவதில்லை. துளசி தாழ்ந்ததன்று, திருமாலுக்கு அதைவிட உவப்பானது வேறில்லை. தாழம்பூவின் மணத்திலும் குறையில்லை. ஆயினும் எந்தத் தெய்வத்திற்கு எது உகந்தது என்று அறிந்து சாத்துபவனே பூஜை தெரிந்தவன். ‘எனக்குப் பிடித்த மலர் இது, ஆகவே இதைத்தான் சாத்துவேன்’ என்று கர்ப்பகிருகத்தில் எவரும் வாதிடுவதில்லை. விருந்தினர் தெய்வம் என்பது உண்மையானால், அந்தத் தெய்வத்திற்கு எது உகந்த நைவேத்தியம் என்று அறிவதும் உபசரிப்பவரின் கடமையாகிறது. நீரிழிவு உடையவர், இரத்த அழுத்தம் உடையவர், அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர் என்று தெய்வங்கள் பல வடிவில் வீட்டிற்குள் வருகின்றன. சமையலறைக்குள் நுழையுமுன் ஒரு சொல் கேட்டால் போதும்: “உங்களுக்கு எது ஒத்துக்கொள்ளும்?”

அதே உபநிஷதம் ‘அன்னம்’ என்ற சொல்லுக்கு ஓர் ஆழ்ந்த பொருள் கூறுகிறது. உயிர்களால் உண்ணப்படுவதும் அன்னம். உயிர்களை உண்பதும் அன்னம். அளவோடு உண்டால் அன்னம் உடலாகிறது. அளவு கடந்தால் அதுவே உடலை உண்ணத் தொடங்குகிறது. ஆறாத புண்ணையும் மங்கும் பார்வையையும் கண்ட நீரிழிவு நோயாளிக்கு இதற்கு விரிவுரை தேவையில்லை.

திருவள்ளுவரும் ஒரே நூலில் இரண்டையும் வைத்தார். விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம். மருந்துக்கு ஓர் அதிகாரம். மருந்தைப் பற்றிய அதிகாரத்தின் பெரும்பகுதி உணவின் அளவையும் காலத்தையும் பற்றியதே. முன்பு உண்டது செரித்ததை அறிந்து, உடலுக்கு ஒவ்வாததை நீக்கி, பசியின் அளவறிந்து உண்ணச் சொன்ன அவரே, விருந்தினரைப் போற்றுவதே இல்வாழ்க்கையின் நோக்கம் என்றும் சொன்னார். அவருடைய உள்ளத்தில் இவ்விரண்டும் மோதவில்லை. மோதல் நம் பந்தியில்தான் உண்டாகிறது.

மறுப்பவரின் தர்மம்

இதுவரை கூறியது ஊட்டுபவருக்கு. மறுப்பவருக்கும் ஒரு தர்மம் உண்டு. தம் உடல்நலத்திற்காக ஒன்றை விலக்குபவர், அந்த விலக்கலில் ஒரு செருக்கை வளர்த்துக்கொள்ளக் கூடாது. எல்லாரும் மகிழ்ந்து உண்ணும்போது எண்ணெயின் தீமை, சர்க்கரையின் தீமை என்று பேசத் தொடங்குபவர், உணவைத் தவிர்த்தாலும் பிறர் மகிழ்ச்சியை உண்டுவிடுகிறார். முகம் மாறினால் விருந்தினர் வாடுவர் என்று வள்ளுவர் விருந்தளிப்பவருக்குச் சொன்னார். விருந்தினரின் முகம் மாறினால் விருந்தளிப்பவரும் வாடுவார்.

சுவாமி விவேகானந்தரின் இறுதி ஆண்டுகள் இதற்கு ஒளி தருகின்றன. நீரிழிவு உள்ளிட்ட பல நோய்கள் அவரை வாட்டின. 1901-ஆம் ஆண்டுக் கோடையில், சகோதரத் துறவிகளின் வேண்டுகோளுக்கு இணங்கி, வைத்தியர் ஒருவரின் சிகிச்சையை ஏற்றார். உப்பும் தண்ணீரும் கூடாது என்பது பத்தியம். அடிக்கடி தண்ணீர் பருகும் பழக்கம் உடைய அவர், 21 நாட்கள் தண்ணீரே பருகாமல் இருந்தார். அத்தகைய பத்தியத்தை இன்று எவரும் பின்பற்றலாகாது; மருத்துவமும் அதை ஏற்காது. அறிய வேண்டியது அவருடைய மனத்தின் உறுதியை. உடல் மனத்திற்குக் கட்டுப்பட்டது என்பதைத் தம் வாழ்விலேயே காட்டினார்.

மறு ஆண்டு, 1902 ஜூலை 2, ஏகாதசி. சுவாமிஜி உபவாசம் இருந்தார். சகோதரி நிவேதிதை பேலூர் மடத்திற்கு வந்தார். உபவாசம் இருந்த சுவாமிஜி தாமே அவருக்கு உணவு பரிமாறினார். வேகவைத்த பலாக்கொட்டை, வேகவைத்த உருளைக்கிழங்கு, வெறும் சோறு, குளிர்ந்த பால். ஒவ்வொன்றையும் பற்றி வேடிக்கையாகப் பேசி உண்ணவைத்தார். உண்டு முடித்ததும் கையில் நீர் ஊற்றி, துணியால் துடைத்தும் விட்டார். இரண்டு நாட்களுக்குப் பின், ஜூலை 4 அன்று, மகாசமாதி அடைந்தார்.

தாம் உண்ணவில்லை என்பதற்காக அவர் பந்தியை விட்டு விலகி அமரவில்லை. தாம் உபவாசம் என்று சொல்லிப் பிறரைக் கூசவைக்கவில்லை. பரிமாறியதோ நோன்புநாளுக்குரிய எளிய உணவு. அதில் ஒரு பலகாரமும் இல்லை. ஆயினும் அந்த விருந்தை நிவேதிதை தம் வாழ்நாளெல்லாம் மறக்கவில்லை. உண்ணாமலே ஒரு விருந்தின் நடுவில் முழுமையாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? இனிப்பை உண்ண இயலாதவர் பரிமாறலாம். இலை போடலாம். குழந்தைகளுக்கு ஊட்டலாம். ஒதுங்கி நிற்பவரைத்தான் உறவினர் வற்புறுத்துகின்றனர். பந்தியில் பணி செய்பவரை எவரும் குறையாக எண்ணுவதில்லை.

சொல்லும் ஓர் உணவே

உணவு தூய்மையானால் மனம் தூய்மையாகும் என்பது சாந்தோக்கிய உபநிஷதத்தின் போதனை. இங்கே உணவு என்பதற்கு வாயால் உண்பது என்று ஸ்ரீராமானுஜர் பொருள் கொண்டார். புலன்கள் வழியாக உள்ளே சேர்க்கப்படும் அனைத்தும் என்று ஸ்ரீசங்கரர் பொருள் கொண்டார். இரண்டும் தேவை என்பது சுவாமி விவேகானந்தரின் கருத்து. பண்டிகை வீட்டில் இதன் உண்மை விளங்கும். அங்கே வாய் வழியே சோறு போகிறது; செவி வழியே சொற்கள் போகின்றன. “இப்படி இளைத்துவிட்டாயே!”, “இந்த வயதிலேயே சர்க்கரையா?”, “மாமியார் வீட்டில் சோறு போடுவதில்லையா?” என்னும் சொற்களும் உண்ணப்படுகின்றன, அவையும் செரிக்காமல் கிடக்கின்றன. பலகாரத்தில் எண்ணெயைக் குறைப்பவர்கள், பேச்சில் காரத்தையும் குறைக்கலாம்.

மிகையாக உண்பவனுக்கும் யோகம் இல்லை, அறவே உண்ணாதவனுக்கும் இல்லை என்று கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் பகவான் கூறுகிறார். பண்டிகைக் காலத்தில் இந்த இரண்டு தவறுகளும் ஒன்றாகவே நிகழ்கின்றன. மாலையில் விருந்து என்று காலை முதல் பட்டினி கிடந்து, பின்னர் பசியின் வேகத்தில் அளவு மறப்பது பலருடைய வழக்கம். இன்சுலின் போட்டுக்கொள்பவரும் சில வகை மாத்திரைகளை உண்பவரும் மருத்துவரைக் கேளாமல் உபவாசம் இருந்தால், இரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடலாம். வைகுண்ட ஏகாதசி முதலிய விரதங்களை மேற்கொள்ள விரும்பும் அன்பர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். உணவைக் குறைக்க இயலாதவர் வீண்பேச்சைக் குறைத்து, ஜபத்தைப் பெருக்கலாம், அதுவும் விரதமே.

‘வெல்லம்தானே’ என்னும் ஆறுதலும் பொய்யானது. வெல்லத்தின் பெரும்பகுதி சர்க்கரையே. இரத்தத்தில் அதன் விளைவும் ஏறக்குறைய ஒன்றே. விருந்தில் காய்கறியும் பருப்பும் முதலில் உண்டு, சோற்றைப் பின்னர் அளவாகக் கொள்வது, உணவுக்குப்பின் சிறிது நேரம் நடப்பது ஆகியவை சர்க்கரை உயர்வதை ஓரளவு தணிக்கும். இவை மருந்துக்கு மாற்றாகா, மருந்துக்குத் துணை.

ஒரு கிள்ளு

அளவில் அன்பு இல்லை என்பதைப் பிரசாதம் கற்பிக்கிறது. பூரி ஜகந்நாதரின் உலர்ந்த மகாபிரசாதத்தில் ஓரிரு பருக்கைகளை ஸ்ரீராமகிருஷ்ணர் நாள்தோறும் பக்தியுடன் உட்கொள்வார். ஒரு பருக்கையில் இறைவனின் அருள் குறைவாகவும் ஒரு பானையில் மிகுதியாகவும் இருப்பதில்லை. கர்நாடகத்தில் சங்கராந்தியன்று எள்ளும் வெல்லமும் தேங்காயும் கலந்து வீடுவீடாகக் கொடுப்பர். ஒருவர் கையில் விழுவது ஒரு பிடிகூட இராது. அதை உண்டு நல்ல சொல்லே பேசுவோம் என்பது அதன் கருத்து. மர்பி டவுனில் கன்னட அண்டை வீட்டாரிடமிருந்து அதைப் பெறாத தமிழ் வீடு அரிது. கொடுத்தது குறைவென்று வருந்தியவரும் இல்லை. பெற்றது குறைவென்று வருந்தியவரும் இல்லை.

அந்த அன்பரின் வீட்டிற்கு மீண்டும் வருவோம். அடுத்த தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னரே தம்பி குடியாத்தத்திற்குத் தொலைபேசியில் பேசினார். பந்தியில் எல்லார் முன்னிலையிலும் மறுப்பதைவிட, தனியே முன்கூட்டிச் சொல்வதே நல்லது என்று அவருக்குத் தோன்றிற்று. “அக்கா, நீங்கள் வரவேண்டும். அதிரசமும் வரவேண்டும். ஆனால் அது சுவாமிக்கும் பிள்ளைகளுக்கும். எனக்கு நீங்கள் செய்யும் கொண்டைக்கடலைச் சுண்டல் போதும்” என்றார்.

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பின்னர் அக்கா, இதுவரை எவரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். அவர்களுடைய தந்தையாருக்கும் இதே நோய் இருந்தது. அவர் படுக்கையில் இருந்த கடைசித் தீபாவளியன்று, ஓர் அதிரசம் தருமாறு மகளிடம் கேட்டார். மருத்துவர் சொல்லை எண்ணி மகள் கொடுக்கவில்லை. தை பிறப்பதற்குள் தந்தையார் மறைந்தார். “கேட்டவருக்கு இல்லை என்று சொன்ன கை இது, தம்பி. அதனால்தான் உனக்கு இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை” என்றார்.

பல ஆண்டுகளாகத் தம்பி வற்புறுத்தல் என்று எண்ணியது, ஆறாத ஒரு துயரம். அக்கா அவமதிப்பு என்று எண்ணியது, உயிர் பிழைக்க விரும்பும் ஒருவரின் அச்சம். பண்டிகை வீட்டுப் பூசல்களுக்கு அடியில் இப்படிச் சொல்லப்படாத ஏதோ ஒன்று பெரும்பாலும் இருக்கிறது. “இன்னும் ஒன்று போட்டுக்கொள்” என்னும் சொல்லுக்குப் பின்னால் யாருடைய பசியோ, யாருடைய மறைவோ நிற்கலாம். அதைக் கேட்டறியும் பொறுமை இருந்தால், இலையில் எதையும் திணிக்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம்.

“அப்பாவுக்கு நீங்கள் செய்தது சேவைதான், அக்கா” என்றார் தம்பி. அதற்குமேல் அவராலும் பேச இயலவில்லை.

அந்தத் தீபாவளியன்று விடியலில், அதிரசம் முதலில் பூஜையறையில் இறைவனுக்குப் படைக்கப்பட்டது. தந்தையாரின் படத்திற்கு முன்னும் ஒன்று வைக்கப்பட்டது. அக்கா அதிலிருந்து ஒரு கிள்ளு எடுத்துப் பிரசாதமாகத் தம்பியின் உள்ளங்கையில் வைத்தார். தம்பி அதைக் கண்ணில் ஒற்றி, நாவில் இட்டுக்கொண்டார். பின்னர் பந்திக்கு இலை போட எழுந்தார். அக்கா அவரிடம் ‘இன்னும் ஒன்று’ என்று சொல்லவில்லை.

உண்பவர் உள்ளத்திலும் ஊட்டுபவர் உள்ளத்திலும் ஒருவனே அமர்ந்திருக்கிறான். பரிமாறும் கரங்களுக்கு அவன் கனிந்த பார்வையைத் தருவானாக. மறுக்கும் நாவுக்கு இன்சொல்லைத் தருவானாக. எல்லா இல்லங்களிலும் அன்னம் அன்பாகவும் ஆரோக்கியமாகவும் விளங்குமாறு அருள்வானாக.